காலி மனைக்கு யார் பங்கு கட்டுவது?

எங்கள் தெரு தர்மபுரி டவுனை ஒட்டிய ஒரு ஊராட்சியில் இருக்கிறது. மொத்தம் 40 மனை, வீடு ஏறியது 22. மீதி 18-ம் ஓசூர், பெங்களூரு பக்கம் வேலைக்குப் போனவர்கள் வாங்கிப் போட்டது. அதில் சீமைக்கருவேலம் மட்டும் நன்றாக விளைகிறது. மழை வந்தால் செம்மண் சேறு. பால்காரர் வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு கேனைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதியை அரசு போடும். (நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயருக்கே திரும்பிய திட்டம்.) சிமென்ட் ரோடும் ஒரு பக்கம் கால்வாயும் சேர்த்து எஸ்டிமேட் 9 லட்சம் வந்தது. எங்கள் பங்கு 3 லட்சம், மனைக்கு 7,500.

யூனியன் ஆபீஸில் முதல் கேள்வியே "ரோடு யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். அப்ரூவல் இல்லாத லேஅவுட், புரமோட்டர் மனைகளை விற்றதோடு சரி, ரோட்டை ஊராட்சிக்கு எழுதித் தரவே இல்லை. 2017-ல் அப்ரூவல் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தபோது பாதிப் பேர் வளர்ச்சிக் கட்டணம் கட்டி மனையைச் சரிசெய்துகொண்டார்கள். அந்தப் பணத்திலேயே ரோடு போடலாமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, பதில்தான் வரவில்லை. கடைசியில் புரமோட்டரின் மகனைத் தேடிப் பிடித்து தானப் பத்திரம் பதிந்தோம். அந்தச் செலவும் எங்கள் தலையில்தான்.

அப்புறம்தான் பஞ்சாயத்தே. காலி மனைக்காரர்கள், "நான் அங்க குடியே இல்லையே சார்" என்றார்கள். வீடு இருப்பவர்கள் மட்டும் போட்டால் ஆளுக்கு 13,600-க்கு மேல் போகும். எதிர்வீட்டு டீச்சரம்மா போனிலேயே கேட்டார்: "ரோடு போட்டதும் சென்ட் விலைய ஏத்திச் சொல்லப்போறது நாங்களா, நீங்களா?" அதற்கப்புறம் ஏழெட்டுப் பேர் பணம் அனுப்பினார்கள். மூலை மனைக்காரர் தன் கேட் அடுத்த தெருவில் இருக்கிறது என்றார். முகப்பு அடிக்கணக்கில் பிரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்படிப் பார்த்தால் தனக்கு இரண்டு பக்கமும் கணக்காகும் என்று தெரிந்ததும் அவரே மனைக் கணக்குக்கு வந்துவிட்டார்!

உண்மையான முட்டுக்கட்டை கால்வாய்தான். பள்ளத்தில் கடைசி வீடு. "தெருத் தண்ணி பூரா என் வாசல்ல வந்து நின்னா நான் ஏன் காசு குடுக்கணும்?" என்றார் அந்த அண்ணன். அவர் சொன்னது முழுக்கச் சரி. எஸ்டிமேட்டில் கால்வாய் அவர் வீட்டோடு முடிந்திருந்தது. ஓடை வரை நீட்டித் திருத்திய பிறகுதான் அவர் பங்கு வந்தது. மற்றவர்களுக்கும் கொஞ்சம் கூடியது.

வராத பங்கை வசதியுள்ள மூன்று வீட்டார் முன்பணமாகப் போட்டார்கள். தராதவர்களைக் கட்டாயப்படுத்த குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. அவர்கள் காரும் அதே ரோட்டில்தான் வரும்.

*

கிருஷ்ணகிரியிலிருந்து: நாங்கள் அரசுத் திட்டத்துக்குப் போகாமல் கைக்காசில் கிராவல் கொட்டினோம். ஒரே மழைக்காலம், பாதி கிராவல் சாக்கடையில். ரசீது புத்தகம்கூடப் போடாததால் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதில் இன்னும் சண்டை. ஒன்று சொல்கிறேன், குடிநீர்க் குழாயும் வீட்டு இணைப்பும் முடிந்த பிறகு ரோட்டைத் தொடுங்கள். பக்கத்துத் தெருவில் பேவர் பிளாக் போட்டு, குழாய்க்காகத் தோண்டி, திரும்ப அடுக்கினார்கள். இப்போது பைக்கில் போனால் பல் ஆடுகிறது.

*

ஓசூரிலிருந்து: எங்கள் தெருவில் பழைய ரோட்டுக்கு மேலேயே புது ரோடு போட்டு, வாசல்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. சுரண்டிவிட்டுத்தான் மேல்தளம் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார், கேட்டு வாங்குங்கள். பங்கு போடுவதைப் பற்றி: சென்னை ஆலந்தூரில் பாதாளச் சாக்கடை வந்தபோது வீட்டுக்கு 5,000 வாங்கினார்கள். என் மாமா அங்கே இருந்தார். முதலில் திட்டினவர், அப்புறம் செப்டிக் டேங்க் லாரிக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

*

தர்மபுரிக்காரர், மறுபடி: கிராவல் நண்பருக்கு, நாங்கள் சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு தொடங்கி, அதிலிருந்து டி.டி. எடுத்தோம். கையில் ரொக்கம் வாங்கவே இல்லை. பணம் தராத மனைகளில் ஒன்று இப்போது கைமாறியிருக்கிறது. வாங்கியவர் வீடு கட்டப்போகிறார். விஷயத்தைச் சொன்னதும் பங்குத் தொகையை அன்றைக்கே ஜிபேயில் அனுப்பிவிட்டார். விற்றவர் இன்னும் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் குட் மார்னிங் போடுகிறார்.