மறு: 'ஆர்ட்டிகிள்' – சுட்டிடைச்சொல் போதுமா?

> சுட்டிடைச்சொல் என்றே வைத்துக்கொள்வோம். 'தி' என்றால் 'அந்த'. இதற்கு மேல் என்ன இருக்கிறது?

வணக்கம் ஐயா,

இருக்கிறது. ஆங்கிலத்தின் 'எ', 'ஆன்', 'தி' ஆகிய 'ஆர்ட்டிகிள்'களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே நம் கேள்வி. 'சுட்டிடைச்சொல்' (சுட்டிக்காட்டும் இடைச்சொல்) என்ற உங்கள் பெயர் போதாது என்கிறேன். தண்டையார்பேட்டையில் சாயங்காலம் ஆங்கில ட்யூஷன் எடுக்கிறேன். "தி என்றால் அந்த" என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் 'தி' வர வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறார்கள். 'தி சன்' என்பதை 'அந்தச் சூரியன்' என்போமா? 'ராயபுரம் இஸ் ஓல்டஸ்ட் ஸ்டேஷன் இன் சென்னை' என்று எழுதுகிறார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் கிளம்பிய இடம் அது. மிகப் பழையது ஒன்றுதான் இருக்க முடியும், அதனால் 'தி'. அங்கே யாரும் எதையும் சுட்டவில்லை. எதைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்குப் பிடிபடும், அவ்வளவுதான்.

இந்த வேலையைத் தமிழில் பல இடங்களில் 'ஐ' உருபு செய்கிறது. "காசிமேட்டுல மீன் வாங்கினேன்" என்றால் ஏதோ மீன். "மீனை வாங்கிட்டேன்" என்றால் வீட்டில் சொல்லி அனுப்பிய மீன். வஞ்சிரமா, சங்கராவா என்று யாரும் கேட்க மாட்டார்கள். உயர்திணையில் இந்தக் கணக்கு செல்லாது, 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்றுதான் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வகுப்பில் 'அந்த'வை விட மீன்தான் எடுபடுகிறது.

'தி' பழைய ஆங்கிலச் சுட்டிலிருந்து வந்தது, 'ஒன்' தேய்ந்து 'ஆன்' ஆனது என்பதெல்லாம் உண்மையே. பிறப்பைப் பார்த்துப் பெயர் வைப்பதை விட இன்றைய வேலையைப் பார்த்து வைக்கலாம். இன்னொருவர் சொன்ன 'தெரிநிலை' என்ற பெயரும் வேண்டாம். தெரிநிலை வினை, குறிப்பு வினை என்று இலக்கணத்தில் ஏற்கெனவே இடம் பிடித்த சொல் அது.

என் பரிந்துரை: 'தி'க்கு அறிந்தடை ('அடை' என்றால் பெயருக்கு முன் நின்று அதை விளக்கும் சொல்). 'எ', 'ஆன்' இரண்டுக்கும் அறிமுகவடை. (எ யுனிவர்சிட்டி, ஆன் எம்.எல்.ஏ.: எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும். ஓர் ஊர், ஒரு வீடு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.)

---

> 'எ', 'ஆன்' இரண்டுக்கும் அறிமுகவடை.

தம்பி, சேர்த்து எழுதினால் பிள்ளைகள் சட்னி கேட்பார்கள். பிரித்து எழுதினாலும் 'அடை' நிற்கும், அதற்கு அவியல். அறிமுகச்சொல், அறிந்தசொல் என்று வைத்துவிடுங்கள்.

சுட்டை முழுசாக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி." இந்த 'அந்த' விரல் நீட்டவில்லை, முன்னால் சொன்ன ராஜாவைத்தானே சுட்டுகிறது? 'தி'யின் பாதி வேலை இதுதான். சூரியன், ராயபுரம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவான பெயரை நீங்கள் சொல்லவே இல்லையே? தலைப்பே அதுதானே.