புதுப்பிப்பு: களப்பணியில் யாரும் பதில் சொல்லவில்லை என்றேனே

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) களப்பணிக்காகக் குடிப்பழக்கக் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனால் யாரும் வாய் திறப்பதில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். டீக்கடை பெஞ்சுக்குப் போகச் சொன்னீர்கள். பலித்தது.

அப்புறம்தான் என் தப்பு தெரிந்தது. நான் கொண்டுபோனது உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற குடிப்பழக்கக் கேள்வித்தாள். அதில் இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை அளவு மது என்பது. "ஒரே ஒரு குவார்ட்டர்தான் தம்பி" என்பார்கள். நானும் 1 என்று எழுதிவந்தேன். அங்கே ஓர் அளவு 10 கிராம் ஆல்கஹால். 180 மில்லி பிராந்தியில் கிட்டத்தட்ட 60 கிராம், அதாவது ஆறு! மூன்றாவது கேள்வியும், ஒரே தடவையில் ஆறு அளவோ அதற்கு மேலோ எவ்வளவு அடிக்கடி குடிக்கிறார்கள் என்பதே. திரும்பக் கூட்டினால் சிலர் எச்சரிக்கை மதிப்பெண்ணான 8-ஐத் தாண்டிவிட்டார்கள். மேற்பார்வையாளர் அக்கா திட்டவில்லை, சிரித்தார். அது இன்னும் மோசம்.

நேற்று ஒரு அண்ணன் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐக் கேட்டு, பீடிக்கட்டு உறையில் எழுதிக்கொண்டார்.