சூரியக் கரும்புள்ளியின் மேல் விரியும் வளையங்கள்: வாயு ஓட்டமா, அலையா?

வினா:
ஹைட்ரஜன்-ஆல்பா ஒளியில் (ஹைட்ரஜனுக்கே உரிய சிவப்பு ஒளியில்) பதிவான கரும்புள்ளிக் காணொளி ஒன்றை இரண்டு நாள்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். நடுவிலுள்ள இருண்ட பகுதியான கருநிழல் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பளிச்சிடுகிறது. அங்கிருந்து மெல்லிய வளையங்கள் கிளம்பி, கருநிழலைச் சூழ்ந்த மங்கலான பகுதியான புறநிழலின் விளிம்பை நோக்கி விரிகின்றன. 1909-இல் கொடைக்கானலில் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்த வெளிநோக்கிய வாயு ஓட்டம் இதுதானா? சூரியப் பரப்பின் அலைவு ஐந்து நிமிடம் என்று படித்திருக்க, இங்கே மூன்று நிமிடமாவது ஏன்?

மறுமொழி 1:
இது எவர்ஷெட் ஓட்டம் அன்று. அவ்வோட்டம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பான ஒளிமண்டலத்துக்கு உரியது. நீங்கள் பார்ப்பது அதற்கு மேலுள்ள வாயு அடுக்கான நிறமண்டலம். அங்கே வாயு கரும்புள்ளியை நோக்கி உள்ளேதான் பாய்கிறது, வளையங்களோ வெளியே போகின்றன. எனவே நகர்வது அலையே.

உயரம் கூடக்கூட அடர்த்தி விரைந்து குறையும் வளிமண்டலத்தில், மிக மெதுவாக அலையும் ஒலியலை மேலேறுவதில்லை. வாயு முழுவதும் ஒன்றாக எழுந்து தாழ்வதோடு சரி. சூரியனில் இந்த வரம்பு ஏறத்தாழ 5.2 மில்லிஹெர்ட்ஸ், அதாவது ஓர் அலைவுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கருநிழலில் காந்தக் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், அவற்றை ஒட்டி எழும் அலைகளில் வலுவான ஐந்து நிமிட அலை தடுக்கப்பட்டு, கீழே வலுக்குறைந்திருந்த மூன்று நிமிட அலையே மேலே சென்று சேர்கிறது. போகப்போக அதே ஆற்றல் குறைவான வாயுவை அசைக்க வேண்டியிருப்பதால் வீச்சு பெருகி, அலை அதிர்ச்சி அலையாக மாறுகிறது. 1969-இல் ஆய்வாளர்கள் பெக்கர்ஸும் டாலண்டும் அறிவித்த கருநிழல் பளிச்சிடல் இதுவே.

மறுமொழி 2:
வளையம் கிடையாக ஓடுவது பெரும்பாலும் தோற்றமே என்பதையும் சொல்ல வேண்டும்; நானும் நெடுநாள் குளத்து அலையாகவே எண்ணியிருந்தேன். புறநிழலில் காந்தக் கோடுகள் வெளிநோக்கிச் சாய்கின்றன. சாய்ந்த கோட்டின் வழியே ஈர்ப்பின் ஒரு பகுதியே செயல்படுவதால் அந்த வரம்பு தாழ்ந்து, ஐந்து நிமிட அலைக்கும் வழி திறக்கிறது. ஆனால் பாதை நீளம். கீழே ஏறத்தாழ ஒன்றாகப் புறப்பட்ட அலைகள் விளிம்பை நெருங்க நெருங்கத் தாமதமாக மேலே வந்து சேர்வதால், வளையம் விரிவதாக நமக்குப் படுகிறது. நடுவிலும் விளிம்பிலும் கால இடைவெளியை அளந்து பாருங்கள்.

வினா எழுப்பியவர்:
அளந்தேன். நடுவில் மூன்று நிமிடம், வெளிவிளிம்பில் ஏறத்தாழ ஐந்து. மிக்க நன்றி. மூன்று நிமிட அலை நிறமண்டலத்தோடு நின்றுவிடுகிறதா?

மறுமொழி 1:
இல்லை. சூரியனைக் கண்காணிக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் 171 ஆங்ஸ்ட்ராம் அலைநீளப் புறஊதா ஒளியில் எடுத்த படங்களில், கரும்புள்ளியிலிருந்து விசிறி போல எழும் கொரோனா (சூரியனின் வெளி வளிமண்டல) வளைவுகளின் அடிப்பகுதியில் அதே மூன்று நிமிடத் துடிப்பு மேலேறுவதைக் காணலாம்.