டர்னிங் சார்ட்டில் எல்லா டிக்கும் இருக்கிறது, பெரியம்மாவுக்குப் படுக்கைப்புண்ணும் இருக்கிறது. யார் மேல் புகார்?

சாட்ஸ்வர்த்வாசி:
தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் என் பெரியம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், வயது 81. இல்லத்தின் பெயர் இங்கே வேண்டாம். போன ஞாயிறு துணி மாற்றும்போது என் மனைவி பார்த்துவிட்டாள், வால் எலும்பு இருக்கும் இடத்தில் தோல் உரிந்து, ஐந்து ரேண்ட் காசு அகலத்துக்குப் புண். பொறுப்பு நர்ஸான சிஸ்டரைக் கேட்டால், படுத்திருப்பவரை எந்த மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று குறிக்கும் டர்னிங் சார்ட்டை எடுத்து நீட்டுகிறார். இரவு 8, 10, 12, 2, 4, 6 என்று வரிசையாக டிக், இடது, வலது, இடது, வலது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே நர்சிங் உதவியாளரின் கையெழுத்து, ஒரே பேனா, ஒரே சாய்வு. அவள் எழுதியிருப்பது பொய், அவள் மேல்தான் நர்சிங் கவுன்சிலில் புகார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வீட்டில் பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள், "பாவம், மாதச் சம்பளத்துக்கு இரவெல்லாம் கண் விழிக்கிற பிள்ளை" என்று. பெரியம்மா பாவமில்லையா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், திட்டுவதானாலும் திட்டுங்கள்.

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
தம்பி, நான் அதே வேலையில் இருப்பவள், ஃபீனிக்ஸ் பக்கம் வேறொரு இல்லத்தில். ஒரே பேனா, ஒரே சாய்வு என்றீர்களே, அது விடிகாலை டீக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்ட டிக். எனக்கும் தெரியும், உங்களுக்கு சார்ட்டை நீட்டிய சிஸ்டருக்கும் தெரியும். அன்றைக்கு இரவு ஃப்ளோரில் எத்தனை பேர் டியூட்டி என்று கேட்டீர்களா? ஒருத்தர் நனைந்து கிடப்பார், ஒருத்தர் கட்டிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறேன் என்று கதவைத் தட்டுவார், ஒருத்தருக்கு மூச்சு வாங்கும், இதற்கு நடுவில் மணி பார்த்துத் திருப்ப வேண்டும். கனமான உடம்பை ஒழுங்காகத் திருப்ப இரண்டு பேர் வேண்டும், ஷீட்டோடு தூக்கித் திருப்ப வேண்டும். தனியாள் இழுத்தால் தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் போகும், அதனாலேயே புண் வரும். ஆள் போடாத மேனேஜர் காலையில் குளித்து முழுகி வந்து சார்ட்டைப் பார்த்து "வெரி குட்" என்பார். மாட்டுவது யார்? கையெழுத்துப் போட்ட பெண்.

பிரிட்டோரியா_தம்பி:
அக்கா சொல்வதுதான் நியாயம். 1984-இல் வந்த பணி வரம்பு விதியைப் படித்துப் பாருங்கள், உதவியாளர் செய்வதெல்லாம் பதிவு பெற்ற நர்ஸ் திட்டம் போட்டு, அவருடைய நேரடி அல்லது மறைமுக மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் பொறுப்பும் மேற்பார்வை பார்ப்பவருக்குத்தானே? அதோடு ஊழியர் வேலையில் செய்த தவறுக்கு முதலாளிதான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கவுட்டெங் மாகாண அரசு லைஃப் எசிடிமெனி மனநலக் காப்பகத்திலிருந்து வேறு இடங்களுக்கு மாற்றியதில் 144 மனநோயாளிகள் இறந்தார்கள், ஓய்வு பெற்ற நீதிபதி மொசெனெக்கே 2018-இல் அரசாங்கத்தைத்தான் இழப்பீடு கொடுக்கச் சொன்னார், வார்டில் துணி துவைத்தவரையா பிடித்தார்கள்? பெரிய மீனை விட்டுவிட்டுச் சின்ன மீனைப் பிடிப்பதில் என்ன வீரம்?

பழைய_ஷாப்_ஸ்டூவர்ட்:
தம்பி இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார். நஷ்டஈட்டுப் பணம் மேலே போகும், சரி. ஆனால் ஒழுங்கு விசாரணையும் கிரிமினல் வழக்கும் ஆளோடுதான் போகும், அவற்றை முதலாளி தலையில் கட்ட முடியாது. செய்யாத வேலையைச் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்லும் அதிகாரம் எந்த சிஸ்டருக்கும் கிடையாது. எசிடிமெனி இதற்குச் சரியான உதாரணமே இல்லை. அங்கே நோயாளிகளைப் பெயர்த்து அனுப்பும் முடிவை எடுத்ததே மேலே இருந்தவர்கள். இங்கே சார்ட் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்தில் 30-ஆம் பிரிவைப் பாருங்கள். அடித்தால்தான் கொடுமை என்று அதில் இல்லை. நம்பிக்கை வைக்க வேண்டிய உறவில், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு, அதனால் முதியவருக்குத் தீங்கோ வேதனையோ வந்தால், வரக்கூடும் என்றாலே, அது கொடுமை. திருப்பாமல் விட்டது அதற்குள் வந்துவிடும், ஆள் போடாமல் விட்டதும் வந்துவிடும். அதனால் அவளா நிர்வாகமா என்று எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள்? இரண்டு பேரும்தான்.

வாசி அண்ணா, புகார் எழுதும் முன் ஒரு காரியம். அந்தப் பெண் உண்மையிலேயே கவுன்சிலில் பதிவு பெற்ற உதவியாளரா, இல்லை கேர்கிவரா? கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும். நிறைய இல்லங்களில் கேர்கிவருக்கும் நர்ஸ் மாதிரியே சட்டையைத் தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், குடும்பத்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பதிவு இல்லாதவரைக் கவுன்சில் தொட முடியாது, நீங்கள் போக வேண்டிய இடம் சமூக மேம்பாட்டுத் துறை.

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
பேசுவது சுலபம். நீங்கள் யூனியன்காரர், உங்கள் பின்னால் நூறு பேர் நின்றார்கள். என்னோடு இரவில் நிற்பவர்களில் பாதி ஏஜென்சிப் பிள்ளைகள். "இன்றைக்கு ஆள் போதவில்லை" என்று ஒருத்தி சார்ட்டில் எழுதினால் அடுத்த வாரம் ஏஜென்சியிலிருந்து போன் வராது, அவ்வளவுதான், வேலைநீக்கக் கடிதம்கூடக் கிடையாது. இந்த நாட்டில் பபிதா தேவ்கரனுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். கவுட்டெங் சுகாதாரத் துறையில் அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர், முறைகேட்டைச் சொன்னார், 2021 ஆகஸ்டில் வீட்டு வாசலிலேயே சுட்டுவிட்டார்கள். அவருக்கே அந்தக் கதி, பெட்பேன் கழுவும் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மரிட்ஸ்பர்க்_மருமகள்:
ஆள் இல்லை, ஆள் இல்லை என்று எல்லாவற்றையும் அதிலேயே கட்டிவிடாதீர்கள் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மாமியார் மறதி நோயோடு ஒரு இல்லத்தில் இருந்தார். ஆயுசு முழுக்கப் புரட்டாசி விரதம் இருந்தவர், அந்த மாதம் வீட்டில் முட்டைகூட உடைக்க விடமாட்டார். ஒரு நாள் மத்தியானம் போனால் கேர்கிவர் கோழிக்கறியைச் சோற்றோடு பிசைந்து ஊட்டிக்கொண்டிருக்கிறாள், எங்கள் ஊர்ப் பெண்தான், நெற்றியில் பொட்டு வேறு. கேட்டால் "அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது ஆன்ட்டி" என்கிறாள். அதே வார்டில் ஒரு ஜூலு அம்மாளும் கேர்கிவராக இருந்தார், நாங்கள் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி, மாதம் முழுக்கப் பருப்பும் ரசமும் கிச்சனில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். சம்பளம் இருவருக்கும் ஒன்று, ஷிஃப்டும் ஒன்று. இதற்கு எத்தனை ஆள் வேண்டும்?

இன்னும் சொல்கிறேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தாவைப் போட்டோ எடுத்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரிப்பது, அரசு உதவித்தொகை எடுக்கும் சாசா கார்டையும் பின் நம்பரையும் டிராயரில் வைத்துக்கொண்டு "நானே எடுத்துத் தருகிறேன் கோகோ (பாட்டி)" என்பது, இதெல்லாம் பணிச்சுமையா? முதியவரின் பணத்தில் கை வைப்பதும் அதே 30-ஆம் பிரிவில்தான் வருகிறது.

பிரிட்டோரியா_தம்பி:
அது வேறு, இது வேறு அக்கா. மனசாட்சி இல்லாதவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் வாசி அண்ணாவின் கேஸில் அந்தப் பெண் திருடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு, முடித்ததாக எழுது என்று சொல்லும் இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

பழைய_ஷாப்_ஸ்டூவர்ட்:
முடியவில்லை என்று எழுதலாமே? "02:00, திருப்பவில்லை, ஃப்ளோரில் நான் மட்டும், சிஸ்டரிடம் 02:10-க்குச் சொன்னேன்." ஒரு வரி. அந்த வரி இருந்தால் நாளைக்குக் கேள்வி சிஸ்டருக்கும் மேனேஜருக்கும் போகும். டிக் இருந்தால் கேள்வி அவளோடு நின்றுவிடும், ஏனென்றால் அந்த டிக்தான் நிர்வாகத்தைக் காப்பாற்றுகிறது. மேலே இருப்பவர்களுக்கு அவள் இலவசமாக எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ் அது. ஆறு டிக்கும் இருக்கும்போது, ஆள் பற்றாக்குறை என்று எந்த விசாரணையில் போய் நிரூபிப்பீர்கள்?

அக்காவின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் சட்டம் வெறும் கையோடு விடவில்லை. முதியோர் சட்டம் 26-ஆம் பிரிவின்படி, கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தாலே துறைக்கோ போலீசுக்கோ உடனே சொல்ல வேண்டும். அது யாராக இருந்தாலும் பொருந்தும், கேர்கிவருக்கும், கிச்சனில் இருப்பவருக்கும். சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். நல்ல எண்ணத்தில் சொன்னவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. முறைகேட்டைச் சொல்பவரைப் பாதுகாக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2017-இல் திருத்தி ஏஜென்சி ஆட்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அப்படிச் சொன்னதற்காக வேலையை விட்டு எடுத்தால் 30 நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்துக்குப் போகலாம், 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு உண்டு.

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
அந்த 24 மாதச் சம்பளம் கைக்கு வருகிற வரைக்கும் வாடகை யார் கட்டுவது, நீங்களா? நீங்கள் சொன்ன மாதிரி எழுதியவளை எனக்குத் தெரியும். மறுநாள் அந்தத் தாளே ஃபைலில் இல்லை, புதுத் தாள், புது டிக், வேறு கை.

பழைய_ஷாப்_ஸ்டூவர்ட்:
அப்படி மாற்றியவர்தான் உண்மையான குற்றவாளி, அவர் கவுன்சில் முன் நிற்க வேண்டும். எழுதியதைச் சிஸ்டருக்கு மெசேஜாகவும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள், நோயாளி பெயர் இல்லாமல், கட்டில் எண் போதும். சார்ட்டைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட வேண்டாம், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அது வேறு வம்பு.

சாட்ஸ்வர்த்வாசி:
எல்லோரும் சொல்வதைப் படித்தேன். சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார், அதை எழுத விட்டுப்போனது. "உங்கள் பெரியம்மா நிறம் கருப்பு, ஆரம்பத்தில் சிவந்தது தெரியவில்லை" என்றார். இதை நம்புவதா?

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
பாதி உண்மை. நம்முடைய தோலிலும் ஆப்பிரிக்கர்கள் தோலிலும் அந்தச் சிவப்பு சுலபமாகத் தெரியாது. அதனால்தான் கண்ணால் பார்த்தால் போதாது, கையை வைக்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, அழுத்தினால் கொழகொழவென்று போகிறதா, நிறம் ஊதாவாக, இன்னும் கறுப்பாக மாறியிருக்கிறதா. தினம் உடம்பு துடைத்துவிடுபவளுக்குத்தான் இது முதலில் தெரியும், டாக்டருக்கோ சிஸ்டருக்கோ இல்லை. கண்டதைச் சொல்வது அவள் வேலை, அதில் நான் அவளுக்குப் பரிந்து பேச மாட்டேன். அவள் சொல்லியும் சிஸ்டர் டிரெஸ்ஸிங் போடவில்லை என்றால் கதை வேறு. அதோடு திருப்பினாலும் சிலருக்குப் புண் வரும் தம்பி, சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக இருந்தால், ஈரத்திலேயே கிடந்தால். அதனால் டர்னிங் சார்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். புண்ணை எப்போது முதலில் குறித்தார்கள், அளவு எழுதினார்களா, அந்தத் தாளையும் கேளுங்கள்.

சாட்ஸ்வர்த்வாசி:
சரி, கேட்கிறேன். ஆனால் புகாரிலிருந்து அந்தப் பெண்ணின் பெயரை நீக்கப் போவதில்லை. அவள் ஆறு முறை பொய் எழுதியிருக்கிறாள், ஏன் எழுதினாள் என்பதை அவளே விசாரணையில் சொல்லட்டும். நிர்வாகத்தையும் சேர்க்கிறேன், அன்றைய டியூட்டி ரோஸ்டர் எனக்கு வேண்டும்.

பிரிட்டோரியா_தம்பி:
ரோஸ்டரைத் தரவே மாட்டார்கள். கடைசியில் அவள் மட்டும்தான் மாட்டுவாள், பாருங்கள். நான் இருந்தால் அவள் பெயரை எழுத மாட்டேன்.

பழைய_ஷாப்_ஸ்டூவர்ட்:
வாயால் கேட்டால் தர மாட்டார்கள். தகவல் பெறும் சட்டம், 2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண், தனியார் இல்லத்துக்கும் பொருந்தும், உரிமையைக் காக்க இந்த ஆவணம் தேவை என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சார்ட், ரோஸ்டர், புண் பதிவு மூன்றையும் ஒரே படிவத்தில் கேளுங்கள். பெரியம்மா சார்பில் கேட்க அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ அதிகாரக் கடிதத்தில் வேண்டும், நினைவு தெளிவாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

நைட்_ஷிஃப்ட்_அக்கா:
புகாரில் அந்த இரவு டியூட்டி சிஸ்டர் பெயரையும் எழுதுங்கள் தம்பி. அந்தப் பெண் பெயருக்கு மேலே.