புதுப்பிப்பு: ஸ்லர் இல்லாத வயலின் சுரங்கள் துண்டு துண்டாக ஒலிப்பது பற்றி

போன வாரம் கேட்டிருந்தேன்: நோட்டேஷன் மென்பொருளில் (இசைக்குறிப்பை எழுதி ஓடவிட்டுக் கேட்கும் மென்பொருள்) எழுதிய ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) ஓடவிட்டால், ஸ்லர் (பல சுரங்களை ஒரே வில் இழுப்பில் சேர்க்கும் வளைகோடு) உள்பட எந்தக் குறியும் போடாத சுரங்களுக்கு நடுவே ஏன் மூச்சு வாங்குகிற மாதிரி இடைவெளி வருகிறது என்று. காரணம் பிடிபட்டுவிட்டது.

குறி இல்லாத சுரத்தை எழுதிய நீளத்தில் 85 சதவீதம்தான் வாசிக்க வேண்டும் என்று அமைப்பில் இருந்தது. டெம்போ 120-இல், அதாவது நிமிடத்துக்கு 120 அடியில், ஒரு குவேவர் (அரை அடி நீளச் சுரம்) 250 மில்லிசெகண்ட். போகும் இடைவெளி 37 சொச்சம், காதில் அவ்வளவாகப் படாது. ஆனால் என் இரண்டாம் பகுதி டெம்போ 60. அங்கே ஒரு கிராட்செட்டுக்கு (ஓர் அடி நீளச் சுரம்) 150 மில்லிசெகண்ட் மௌனம். செல்லோ வரி விக்கல் எடுத்தது அதனால்தான்.

வாசிப்பவர் கை அப்படிப் போகாது. ஸ்லர் இல்லையென்றால் சுரத்துக்கு ஒரு வில் இழுப்பு. கீழ்வில், மேல்வில் என்று மாறி மாறி. வில் திசை திரும்பும் கணத்திலும் தந்தி அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். இதுதான் டெட்டாஷே. பிரெஞ்சில் ‘பிரித்தது’ என்று பொருள், அதனால்தான் பலரும் இடைவெளி விட வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம்.

தந்தி வாத்தியங்களுக்கு மட்டும் 100 சதவீதம் ஆக்கினேன். ஸ்டக்காட்டோவை (வெட்டி வெட்டி வாசிக்கச் சொல்லும் புள்ளிக்குறி) 50-இலேயே விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஸ்லர் போடுங்கள் என்று சொன்ன நண்பருக்கு நன்றி, ஆனால் அது வேண்டாம். அச்சடித்த தாளில் அது ஒரே வில்லில் வாசி என்ற கட்டளையாகிவிடும்.

வேகமான கடைசிப் பகுதியில் சாம்பிளின் (மென்பொருள் ஒலிக்கவிடும் பதிவுசெய்த சுரத்தின்) தொடக்கம் இன்னும் மெதுவாக எழுகிறது. அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறேன்.