பாப்பாவுக்குத் தலைசுற்றல்: குடும்பக் குழு

கவிதா: பாப்பாவுக்கு இன்றும் தலை சுற்றியது. விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். முகம் வெளிறிவிட்டது, கருவிழி பக்கவாட்டில் துடித்தது. இரண்டே நிமிடம். பிறகு பொம்மையைத் தேடிப் போய்விட்டாள். இந்த மாதம் மூன்றாவது தடவை.

மாமா: சாப்பிட்டாளா?

கவிதா: சாப்பிட்டாள்.

அத்தை: தம்பி பிறந்த ஏக்கம். பாசாங்கு.

கவிதா: நான்கு வயதுக் குழந்தை முகத்தை வெளிறவைக்குமா அத்தை?

சித்தி: கண் இருட்டுகிறது என்றாளா, சுற்றுகிறது என்றாளா? சட்டென எழும்போது கண் இருட்டினால் பசி, நீர்ச்சத்துக் குறைவு, இரத்த அழுத்தம் இறங்குவது என்று பார்க்கவேண்டும். அறையே சுற்றினால் உள்காதையும் மூளையையும் நினைக்கவேண்டும். கூப்பிட்டதற்குப் பதில் சொன்னாளா?

கவிதா: சொன்னாள். “வீடு ஓடுகிறது, பிடித்துக்கொள்” என்றாள்.

சித்தி: நினைவு தப்பவில்லை, நல்லது. இந்த வயதில் திடீரென வந்து தானே அடங்கும் சுற்றல் ஒன்று உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு உறவு. பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். ஆனால் அதுதானா என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். குடும்பத்தில் யாருக்கு ஒற்றைத் தலைவலி என்று கேட்பார்.

மாமா: நம் பக்கம் யாருக்கும் இல்லை.

பெரியம்மா: அம்மாவுக்கு இருந்ததே தம்பி. ஈரத்துணியை நெற்றியில் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். வேலைக்குப் பயந்து படுக்கிறாள் என்றார்கள்.

அத்தை: யார் சொன்னது?

பெரியம்மா: உனக்கே தெரியும்.

மாமா: பழையதை விடுங்கள். ஞாயிறு எத்தனை பேர்?

குமார்: நாங்கள் மூவர். மடக்கு நாற்காலிகள் யாரிடம்?

மாமா: கவிதா, என் தலைசுற்றல் மாத்திரை மிச்சம் இருக்கிறது. பாதி கொடுக்கலாமே.

சித்தி: வேண்டவே வேண்டாம் அண்ணா! பெரியவர்கள் மாத்திரை குழந்தைக்கு ஆகாது. கவிதா, அடுத்த முறை வந்தால் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்; கண் தெரியும்படி வீடியோ எடு. விடிகாலைத் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது, ஓடும்போது மயங்கி விழுவது, தலையில் அடிபட்டபின் சுற்றல், திடீரெனக் காது மந்தமாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைவரை காத்திருக்காதே.

கவிதா: எதுவும் இல்லை சித்தி. நாளை டாக்டரிடம் போகிறேன். பாப்பாவின் அப்பா வெள்ளிக்கிழமைதான் வருகிறார்.

மாமா: பத்து மணிக்குமேல் என்றால் வண்டி எடுத்து வருகிறேன்.

கவிதா: டாக்டர் ஒன்பதுக்கே கிளம்பிவிடுவார் மாமா.

பெரியம்மா: அம்மாவின் தலைவலியை மறக்காமல் சொல்.

அத்தை: சின்னவனை என்னிடம் விட்டுப் போ.

கவிதா: காலையில் சொல்கிறேன் அத்தை.

குமார்: நாற்காலி?