பூனையின் காதில் கறுப்பு அழுக்கு திரும்பத் திரும்ப வருகிறது, உதவுங்கள்

எங்கள் மீனு நாட்டுப் பூனை, 2 வயது, 3 கிலோ இருப்பாள். 5 வாரமாக இரண்டு காதுக்குள்ளும் காப்பித் தூள் போலக் கறுப்பாக அழுக்கு சேர்கிறது. ராத்திரியெல்லாம் தலையை உதறுகிறாள், பின்னங்காலால் சொறிந்து சொறிந்து வலது காதின் பின்புறம் முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது, பார்க்கவே மனசு தாங்கவில்லை.

முதலில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பஞ்சால் துடைத்தேன், நான்கே நாளில் மறுபடி நிறைந்துவிட்டது. அப்புறம் மதுரையில் டாக்டரிடம் காட்டினோம், காதுப்பூச்சி என்று சொல்லி செலாமெக்டின் சொட்டு மருந்தைப் பிடரியில் ஒருமுறை விட்டார். அழுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை. 10 நாள் நன்றாக இருந்தாள், இப்போது பழையபடி ஆரம்பித்துவிட்டது. வீட்டில் இன்னொரு பூனை உண்டு, அவனுக்கு எந்த மருந்தும் விடவில்லை, நேற்றிலிருந்து அவனும் சொறிகிறான்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மருந்து விட்டு யாருக்காவது இது முழுசாக நின்றிருக்கிறதா?